மயாக்காவில் ஆர்.வி. முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஃபுளோரிடாவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்கிவர ஒரு நல்ல இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மயாக்கா நதி மாநிலப் பூங்கா. நாங்கள் இருக்கும் டாம்பாவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சாரசோட்டாவுக்குப் பக்கத்தில் ஐ-75 நெடுஞ்சாலையின் 205ஆம் எக்ஸிட்டில் இறங்கி, மாநிலச் சாலை 72இல் கிழக்கே ஒன்பது மைல் போனால் நுழைவாயில் வந்துவிடும். 58 சதுர மைல் பரப்பு. ஓக் தோப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, சதுப்பு, இவற்றுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும் ஆறு. 1930களில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசு நடத்திய சி.சி.சி. படைதான் பூங்காவை உருவாக்கியது. 1942இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

ஆர்.வி. பயணம் என்றதும் எல்லோரும் முதலில் வண்டியைத் தேடுகிறார்கள், அப்புறம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்கிறார்கள். மயாக்காவுக்கு இந்த வரிசை சரிவராது. இங்கே எதைப் பார்ப்பீர்கள், எங்கே நடக்கலாம், சில சமயம் பூங்கா திறந்திருக்குமா என்பதைக்கூடத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம்.

எந்த மாதம்

தென்மேற்கு ஃபுளோரிடாவில் இரண்டே பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த நான்கு மாதத்தில் கொட்டிவிடும். நவம்பரிலிருந்து மே வரை வறட்சி. மழை முடியும்போது ஆறு கரையைத் தாண்டிப் புல்வெளியில் பரந்து நிற்கும். அப்புறம் வாரத்துக்கு வாரம் வடியும். மார்ச், ஏப்ரல் வரும்போது அங்கங்கே மிஞ்சிய குட்டைகளில் மீன்கள் அடைந்து கிடக்கும். மீனைத் தேடிப் பறவைகளும் அங்கே கூடும், முதலைகளும் கூடும். ஏரி வற்றும்போது நம்மூரில் கொக்குகள் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. பகல் இதமாக இருக்கும், கொசு குறைவு, வடக்கிலிருந்து வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிருக்காது. ஏப்ரலில் வெயில் ஏறினாலும் முதலை பார்க்க அதுதான் நல்ல நேரம். ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதற்காகப் போகாதீர்கள். நண்பகல் தாண்டினால் இடி மின்னல், சாயங்காலம் கொசு, இரவெல்லாம் ஏ.சி. இரைச்சல்.

புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. 2022 செப்டம்பர் இறுதியில் இயன் புயல் கடந்தபோது, காற்று ஓய்ந்த பிறகும் மயாக்கா ஆறு ஏறிக்கொண்டே போய், தெற்கே ஐ-75இன் ஒரு பகுதியையே மூடும்படி ஆயிற்று. தட்டையான நிலம் என்பதால் எங்கோ மேலே பெய்த மழை மெதுவாக வந்து சேர்கிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஆறு ஏறலாம்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவில் ஆற்றின் உயரத்தை அளந்து இணையத்தில் போடுகிறது. தேசிய வானிலைச் சேவை இங்கே வெள்ள நிலையென்று வைத்திருக்கும் அளவு 7 அடி. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை அந்த அளவைப் பாருங்கள். 7 அடியை நெருங்கினால் உள்சாலையிலும் நடைபாதைகளிலும் தண்ணீர் நிற்கும் என்று எதிர்பாருங்கள். நேராகப் பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

இடம் பிடிப்பது

பூங்காவில் மூன்று முகாம் பகுதிகள்: ஓல்ட் ப்ரெய்ரி, பிக் ஃபிளாட்ஸ், பால்மெட்டோ ரிட்ஜ். முதல் இரண்டும் பழையவை. மர நிழல் உண்டு, இடம் கொஞ்சம் நெருக்கம். தண்ணீரும் மின்சாரமும் சைட்டிலேயே, அதாவது உங்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே, கிடைக்கும், கழிவுநீரை மட்டும் பொதுவான இறக்குமிடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். பால்மெட்டோ ரிட்ஜில் சைட்டிலேயே கழிவுநீர் இணைப்பும் 50 ஆம்பியர் மின்சாரமும் இருக்கின்றன. சிறு பிள்ளைகளோ வயதான பெற்றோரோ கூட வந்தால் பால்மெட்டோ ரிட்ஜையே பாருங்கள். இரண்டு பேர்தான், மர நிழல்தான் வேண்டும் என்றால் ஓல்ட் ப்ரெய்ரி.

முன்பதிவு ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களின் தளத்தில். ஃபுளோரிடாவில் வசிப்பவர்கள் 11 மாதம் முன்பே பதியலாம், மற்ற மாநிலத்தவர்களுக்கு 10 மாதம். 2024 தொடக்கத்திலிருந்து இப்படித்தான். பிப்ரவரி சனிக்கிழமை வேண்டுமென்றால் தேதி திறக்கும் அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். தவறிப்போனால் மனம் தளர வேண்டாம். பலரும் பத்து மாதம் முன்பு பதிந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ரத்து செய்கிறார்கள். புறப்படும் தேதிக்கு முந்தைய பத்து நாட்களும் காலையும் இரவும் தளத்தைப் பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்க முடிந்தால் இன்னும் சுலபம். எங்களுக்குக் கிடைத்த இடங்களில் பாதிக்கு மேல் இப்படி ரத்தானவைதான்.

இரவுக்கு 26 டாலர், ஆர்.வி.க்கான மின்சாரம், தண்ணீர் கட்டணம் 7 டாலர், வரியும் முன்பதிவுக் கட்டணமும் தனி. ஒரு சைட்டில் எட்டுப் பேர் வரைதான். இரண்டு குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் பக்கத்துப் பக்கத்து சைட்டாகத் தேட வேண்டும். அதற்கு முழு 11 மாதமும் தேவைப்படும்.

வண்டி

இங்கே வண்டி நீளத்துக்கு 35 அடி வரம்பு உண்டு. பதியும்போது தளம் உங்கள் வண்டியின் நீளத்தைக் கேட்கும், அதில் உண்மையைச் சொல்லுங்கள். சைட்டுக்கு சைட் அளவு மாறும். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு 35 அடி தேவையே இல்லை. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகை வண்டி, 25 அடிக்குள், நாலு பேர் குடும்பத்துக்குப் போதும். சாதாரண கார் உரிமமே செல்லும். இழுத்துச் செல்லும் ட்ரெய்லரை முதல் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். பழக்கமில்லாதவர்களுக்கு மரங்களுக்கு நடுவே அது பெரிய சோதனை.

வாடகைக்கு விடுகிறவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: குடிநீருக்கென்றே உள்ள ஹோஸ், தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், கழிவுநீர்க் குழாய், அதைத் தொட ஒருமுறை மாட்டிக் கழற்றும் கையுறைகள், 50 ஆம்பியர் பிளக்கிலிருந்து 30க்கு மாற்றும் அடாப்டர், மின்னழுத்தம் ஏறினால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சமன்கட்டைகள். இந்தப் பட்டியலில் ஒன்று இல்லையென்றாலும் சாரசோட்டாவில் எக்ஸிட் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கிவிடுங்கள். பூங்கா வாசலில் போய்த் தேட முடியாது.

வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உள்சாலையில் ஓக் கிளைகள் தாழ்ந்து, சாம்பல் நிறப் பாசி தாடிபோலத் தொங்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பாசிக்குப் பின்னால் கிளை இருக்கும், வண்டிக் கூரையில் ஏ.சி. இருக்கும்.

மின்சாரமும் நம் சமையலும்

நம் வீடுகளின் சமையல் ஆர்.வி.யின் மின்சாரத்தோடு மோதுகிறது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 1,500. இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800. மின்சாரக் கெட்டில் 1,500. இவற்றோடு, வெந்நீர்த் தொட்டியை மின்சாரத்தில் போட்டு மறந்துவிட்டிருந்தால் அது ஒரு 1,400. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, இண்டக்‌ஷனில் குக்கர் வைத்து, இன்னொருவர் காபிக்குக் கெட்டிலைத் தட்டினால் பிரேக்கர் விழும். வெளியே சைட்டின் மின்இணைப்புக் கம்பத்தில் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். இரவு பத்து மணிக்கு, இருட்டில், கொசுவுக்கு நடுவே.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சூடாக்கும் சாதனம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். குக்கரை வண்டியின் கேஸ் அடுப்பில் வையுங்கள். வெந்நீர்த் தொட்டியையும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள், பல வண்டிகளில் இரண்டுக்கும் வசதி உண்டு. 50 ஆம்பியர் இணைப்பு என்பது இரண்டு 50 ஆம்பியர் கம்பிகள், சேர்ந்து 12,000 வாட். ஆனால் வண்டி 30 ஆம்பியர் வண்டியாக இருந்தால் 50 கம்பத்தில் செருகினாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே 3,600தான்.

சாப்பாட்டை வீட்டிலேயே பாதி முடித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். இட்லி மாவு ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், மிளகாய்ப்பொடி, வறுத்த ரவை, நறுக்கிய காய். முதல் நாள் இரவு புளிசாதமும் வறுவலும் கையிலேயே இருந்தால், வண்டியை நிறுத்திச் சமன்படுத்திக் களைத்துப்போன நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. தோசையை வெளியே சிறிய கேஸ் அடுப்பில் சுடுங்கள். உள்ளே சுட்டால் புகை உணரும் கருவி அலறும். தாளிப்புக்கும் அதே கதிதான்.

ஆர்.வி. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் பழைய வகையாக இருந்தால் வண்டி சமமாக நின்றால்தான் குளிரும். மாவு பொங்கி வழிந்தால் முதலில் சமன்கட்டையைப் பாருங்கள்.

கழிவுநீர்

கழிவுநீருக்கு இரண்டு தொட்டிகள். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேர்வது கிரே டேங்க். கழிப்பறையிலிருந்து போவது பிளாக் டேங்க். நான் முதல் பயணத்தில் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன். சைட்டிலேயே கழிவுநீர் இணைப்பு இருந்ததால், வீட்டில் இருப்பது போலத்தானே என்று நினைத்துக் குழாயை மாட்டி இரண்டு வால்வையும் திறந்தே வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டது. கெட்டியானது பிளாக் டேங்கின் அடியிலேயே தங்கி இறுகிவிட்டது. மூன்றாம் நாள் நாற்றத்தில் உள்ளே இருக்க முடியவில்லை. பக்கத்து சைட்டில் இருந்த ஒரு பெரியவர் வந்து வழி சொன்னார்: வால்வை மூடு, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்று, ஓர் இரவு ஊறவிடு, காலையில் ஒரே வீச்சில் திற. அப்படிச் செய்தபிறகுதான் சரியானது.

எனவே பிளாக் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். முக்கால் தொட்டி நிறைந்ததும் திறங்கள். முதலில் பிளாக், அது முடிந்ததும் கிரே. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். பயணம் தொடங்கும்போது பிளாக் டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள். நம்மவர்கள் சொம்பு வைத்துத் தண்ணீர் அதிகம் பயன்படுத்துவது இங்கே நல்லதுதான், எதுவும் ஒட்டாது. ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும், அளவுகாட்டியைத் தினமும் பாருங்கள். சாதாரண கழிப்பறைக் காகிதம் வேண்டாம், ஆர்.வி.க்கென்று விற்பதை வாங்குங்கள்.

சிங்க்கில் சோற்றுப் பருக்கை, எண்ணெய், கறிவேப்பிலை எதுவும் போகக்கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஊற்றாதீர்கள். அது நேராகப் போய்ச் சேருவது நாம் பார்க்க வந்த சதுப்பில்தான்.

போய்ச் சேரும் அன்று

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது சேர்ந்துவிடுங்கள். பூங்கா காலை 8 முதல் சூரியன் மறையும் வரை. முகாமில் தங்குகிறவர்களுக்கு வாயிலைத் திறக்கும் ரகசிய எண் கொடுப்பார்கள் என்றாலும், முதல்முறை இருட்டில் ரிவர்ஸ் எடுப்பது வேண்டாம். ஜி.பி.எஸ். வடக்கு வாயிலைக் காட்டினால் நம்பாதீர்கள், அது வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் திறக்கும். 72இல் உள்ள முதன்மை வாயில்தான் உங்களுக்கு. பால், ஐஸ், குடிநீர், டீசலோ பெட்ரோலோ எல்லாவற்றையும் எக்ஸிட்டிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். விறகு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். மரங்களைக் கொல்லும் வண்டுகள் விறகில் ஒளிந்து ஊர் மாறுகின்றன.

சைட்டில் ஒருவர் கீழே இறங்கிப் பின்னால் நிற்கட்டும், கண்ணாடியில் அவர் தெரிய வேண்டும். மறைந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சமன்படுத்துங்கள், அப்புறம் மின்சாரம், அப்புறம் தண்ணீர். செருகும் முன் கம்பத்தின் பிரேக்கரை இறக்குங்கள். நாற்காலி போடும் முன் தரையைப் பாருங்கள். மணல் குவித்ததுபோல் இருந்தால் அது நெருப்பெறும்புப் புற்று.

முதலை, கொசு, பன்றி

இங்கே இருப்பது அலிகேட்டர் என்கிற அகன்ற மூக்கு முதலை. மனிதரைத் தேடி வராது. ஆனால் மனிதர் உணவு போட்டுப் பழக்கினால் வரத் தொடங்கும், பிறகு அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும். அதனால்தான் உணவு போடுவது ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றம். ஆற்றிலும் ஏரியிலும் குளிக்கக்கூடாது. சிறு பிள்ளைகளைத் தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கைபிடித்தே நடத்துங்கள். நாயையும் அப்படியே. பொழுது சாய்ந்தபின் கரைக்கே போக வேண்டாம். குளிர் நாட்களில் முதலை கரையில் அசையாமல் வெயில் காய்வதைப் பார்த்து மரக்கட்டை என்று கிட்டப் போய்விடாதீர்கள். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே மந்தமாகும், ஆனால் 80ஐத் தாண்டினால் வேறு விலங்கு.

இரவில் வெளியே செருப்பு, சோற்றுப் பாத்திரம், குப்பைப் பை எதையும் வைக்காதீர்கள். ரக்கூன் வந்து டப்பா மூடியைத் திறக்கும். நள்ளிரவில் வண்டிக்கு அடியில் உறுமலும் மண் கிளறும் சத்தமும் கேட்டால் அது காட்டுப்பன்றிக் கூட்டம், கதவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். அழுவதுபோல நீண்ட கூச்சல் கேட்டால் பயப்பட வேண்டாம், லிம்ப்கின் என்ற நத்தை தின்னும் பறவை.

கொசுவுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள மருந்து, முழுக்கைச் சட்டை. வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பேசாதீர்கள், அதுதான் பெரிய மருந்து. கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகள் வண்டிமேல் வந்து உட்கார்ந்தால் விரட்டிவிடுங்கள். ஜன்னல் ஓர ரப்பரைக் கொத்திப் பிய்க்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

எங்கே போய் நிற்பது

ஏழு மைல் உள்சாலையை ஆர்.வி.யில் சுற்றாதீர்கள். ஒரு காரும் கூட வந்தால் நல்லது, இல்லையென்றால் சைக்கிள். ஆற்றுப் பாலத்தில் காலை ஏழரை மணிக்குப் போய் நில்லுங்கள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே முதலை, எதிர்க்கரையில் பறவை.

பறவைகளில் நம்மூர்த் தொடர்பு எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம். வேடந்தாங்கலில் பார்த்த மஞ்சள் மூக்கு நாரையின் நெருங்கிய உறவு இங்கே உட் ஸ்டார்க் என்ற வெள்ளை நாரை. சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பது அன்ஹிங்கா, நம் பாம்புத்தாராவின் அமெரிக்கச் சொந்தம். ஏரிக்கு மேல் சுற்றி, காலை நீட்டி விழுந்து மீனோடு எழுகிறதே, அது விராலடிப்பான். வெறும் உறவு இல்லை, குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வரும் அதே இனம். பூங்காவின் மேல் மயாக்கா ஏரிக்குள் நீளும் மரப்பாதையில் நின்றால் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் சேற்றில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டி மேய்வதைப் பார்க்கலாம். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

தோப்புக்குள் 25 அடி உயரத்தில் தொங்கும் நடைபாலம் ஒன்று 2000இல் கட்டப்பட்டது. பக்கத்துக் கோபுரத்தில் ஏறினால் மரத்தலைகளுக்கு மேலே பூங்கா முழுதும் விரியும். பராமரிப்புக்கு மூடியிருக்கிறதா என்று வாயிலில் கேட்டுவிட்டுப் போங்கள். கால் வலுவுள்ளவர்களுக்கு டீப் ஹோல். நூறடிக்கும் மேல் ஆழமுள்ள குழி, வறட்சியில் சுற்றிலும் முதலைகள் படுத்துக் கிடக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 30 அனுமதிதான். வாயில் திறக்கும்போதே போய்க் கேளுங்கள். போகவர நாலு மைலுக்கு மேல், நிழலே கிடையாது.

கிளம்பும் காலை

தொட்டிகளைக் காலி செய்யுங்கள், பிளாக் முதலில். கையுறையைக் கழற்றிக் கைகழுவியபிறகே குடிநீர் ஹோஸைத் தொடுங்கள். கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டுக் கம்பியை எடுங்கள். படிக்கட்டை மடியுங்கள், ஆன்டெனாவை இறக்குங்கள், கூரை ஜன்னலை மூடுங்கள், கேஸை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் கதவின் கொக்கியைப் பாருங்கள். பிறகு ஒருவர் வண்டியை ஒருமுறை சுற்றி வரட்டும். சமன்கட்டையைப் பெரும்பாலும் அங்கேயேதான் விட்டுவிட்டு வருகிறார்கள்.

நாங்கள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போன தேதி, அன்றைய ஆற்றின் அளவு, எந்த சைட், எங்கே எந்தப் பறவை. இதை மகள்தான் எழுதுவாள். அடுத்த முறை தேதி பிடிக்க உட்காரும்போது காலண்டருக்கு முன்னால் அதைத்தான் திறக்கிறோம்.